வெயிலில் ஓடும் குடிநீர் மோட்டார்: கணக்கைக் கேட்போம்

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரம் குடிப்பது பெரும்பாலும் நர்மதை நீர். சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜலூதிலிருந்து அதை மேலேற்றிக் கொண்டுவர வேண்டும். மின்கட்டணம் மாதாமாதம் கோடிக்கணக்கில் போனது. 2023 பிப்ரவரியில் அந்த மாநகராட்சி பசுமைப் பத்திரம் வெளியிட்டு 244 கோடி ரூபாய் திரட்டியது. நீரேற்றத்துக்காகவே ஜலூதில் 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பது நோக்கம். பத்திரத்தைப் பொதுமக்களும் வாங்க முடிந்தது.

சிறிய ஊருக்கும் கணக்கு ஒன்றுதான். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டரை 50 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 230 யூனிட் ஆகும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் தினமும் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக, 60 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான பேனலும், அதை விரிக்க 6,000 சதுர அடி வாக்கில் இடமும் போதும். பகலில் ஏற்றி மேல்நிலைத் தொட்டியில் நிரப்பிவிட்டால் பேட்டரிச் செலவும் இல்லை.

ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு, அது குறையல்ல. "சோலார் வந்துவிட்டது, இனி மின்வெட்டிலும் தண்ணீர் வரும்" என்று யாராவது சொன்னால், அதற்கான பேட்டரியோ, ஜெனரேட்டரோ, தனியாக இயங்கும் சோலார் பம்போ இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆழ்துளைக் கிணறு என்றால் எனக்குக் கவலை இன்னும் அதிகம். கரண்டுக்குக் காசு கட்ட வேண்டாம் என்றானதும் மோட்டாரை நிறுத்தும் எண்ணமே யாருக்கும் வராது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியும், எடுத்த நீரை அளக்கும் மீட்டரும் கட்டாயம் வேண்டும். அடுத்தது பராமரிப்பு. தூசி படிந்தால் உற்பத்தி விழும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு கிடைக்காது. அது பழுதானால் யார் செலவில், எத்தனை நாளில் சரிசெய்வது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதலாம். மாதவாரியாக எத்தனை யூனிட் உற்பத்தியானது, சோலாருக்கு முன்னும் பின்னும் நீரேற்று நிலையத்தின் மின்கட்டணம் எவ்வளவு, பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஆவணங்களை மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடவும் அச்சட்டம் இடம் தருகிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறையாக இருந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம்.

பதில் கையில் வந்ததும் அதைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மிச்சமான மின்கட்டணம் குழாய்க் கசிவை அடைக்கவும், தண்ணீர் எட்டாத கடைசித் தெருக்களுக்குக் குழாய் போடவும் செலவாக வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். உங்கள் ஊர் நீரேற்று நிலையத்தில் பேனல் இருந்தால், முதல் மனுவை இந்த மாதமே அனுப்புங்கள்.