ஆள் சேர்ந்தால் கிளம்பும் வண்டி

காவிரியின் கிழக்குக் கரையில் குமாரபாளையம், எதிர்க்கரையில் பவானி. பாலத்தைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம் போய் ஈரோடு மாவட்டம் வந்துவிடும். தறிப்பட்டறையில் ஷிஃப்ட் முடிந்தவர், சந்தைப் பையோடு நிற்பவர், பவானி கூடுதுறையில் திதி கொடுக்கப் போகிறவர் என்று இங்கே பலருக்கும் வேண்டியது சின்னப் பயணம்தான். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். தனி ஆட்டோ பிடித்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போய்விடும்.

தமிழ்நாட்டு நகரங்களில் இந்தச் சிக்கலுக்கு மக்களே கண்டுகொண்ட வழி ஷேர் ஆட்டோ.

ஜவுளி ஊர்களில் துணி மூட்டை சுமக்கும் 'குட்டி யானை'யைத் தெரியாதவர் இல்லை. 2005இல் வந்த டாடா ஏஸ்தான் அது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதே அடித்தளத்தில் இருக்கை போட்டு 2007இல் வந்தது மேஜிக். பல ஊர்களில் ஷேர் ஆட்டோவாக ஓடுவது இதுதான். நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டிக்கு வேகம் பெரிதில்லை, குறுகலான தெருவில் திரும்ப முடிவதே பெரிது. டீசல் செலவை ஏழெட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்வதால்தான் கட்டணம் கட்டுப்படியாகிறது. ஆள் சேரும்வரை வண்டி நிற்பதற்கும் அதுவே காரணம்.

சின்னப் பயணத்துக்கு வேறொரு வழியாக, ஆம்ஸ்டர்டாமில் லூட் ஸ்கிமெல்பெனிங்க் 1974இல் 'விட்கார்' என்ற மூன்று சக்கர மின்வண்டியைக் கொண்டுவந்தார். இருவர் அமரலாம். உறுப்பினரே ஒரு நிலையத்தில் எடுத்து ஓட்டிப் போய் இன்னொன்றில் விட வேண்டும். அருமையான யோசனை. ஆனால் எல்லோரும் ஒரே திசையில் போனால் ஒரு நிலையத்தில் வண்டிகள் குவியும், இன்னொன்று காலியாகும். வாடகை சைக்கிள் திட்டங்களை இன்றும் வாட்டும் சிக்கல் இது. நம் ஷேர் ஆட்டோவில் அது எழவே எழாது. ஆள் எங்கே நிற்கிறாரோ, ஓட்டுநர் அங்கே வந்து நிற்பார். அவர் இந்த அமைப்பின் மூளை என்றே சொல்லலாம்.

சட்டம்தான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஒப்பந்த வாகனம் என்பது முன்பே பேசி வைத்தவர்களை ஏற்றிப் போவது. வழியில் நிறுத்தி வேறு ஆளை ஏற்றி இறக்குவது அந்த வரையறைக்குள் வராது. ஷேர் ஆட்டோவின் பிழைப்போ அதில்தான் இருக்கிறது. மினிபஸ்ஸுக்கு 1997இல் தனித் திட்டமே வந்தது, 2025இல் புதுத் திட்டமும் வந்தது. வழித்தடம், நிறுத்தம், ஏற்றும் ஆள் கணக்கு எல்லாம் எழுதிய ஓர் அனுமதியை ஷேர் ஆட்டோவுக்கும் கொடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டுக்காக வழக்காடத் தேவையிருக்காது, இரவு ஷிஃப்ட் முடிந்து ஏறும் பெண்ணும் எந்த வண்டி, எந்த வழி என்று தெரிந்தே ஏறுவார்.