ஓபரா கலைஞரின் சீவாளிப் பட்டறை

கிளாரினெட்டின் உயிர் அதன் சீவாளியில் இருக்கிறது. ஊதுவாயில் இறுக்கிக் கட்டிய இந்த மெல்லிய நாணல் சீவல் அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும். நுனி சற்றே தடித்தாலும் நாதம் அடைத்துப்போகும். ஒரு காலத்தில் கலைஞர்கள் தாங்களே சீவாளி சீவிக்கொண்டார்கள்.

பாரிஸ் ஓபராவில் கிளாரினெட் வாசித்த யூஜின் வாண்டோரனும் 1905-இல் அப்படித்தான் தொடங்கினார். சக கலைஞர்களும் கேட்கவே, காலால் மிதித்து இயக்கும் எந்திரம் ஒன்றை அமைத்துக்கொண்டார்.

சீவாளிக்கான நாணல் விளைவது தெற்கு பிரான்சின் வார் பகுதியில். இரண்டாண்டு வளர்ந்த தண்டுகளைக் குளிர்காலத்தில் வெட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். இந்தப் பொறுமையில்தான் பாதித் தரம் அமைகிறது.

1935-இல் பட்டறையின் பொறுப்பை ஏற்ற யூஜினின் மகன் ராபர்ட்டும் கிளாரினெட் கலைஞர். ஊதுவாய்த் தயாரிப்பிலும் இறங்கினார். செய்வதை வாசித்தே சோதிக்கத் தெரிந்த குடும்பம் இது. பெரிய ஆலைகளுக்கு எளிதில் வாய்க்காத பலம் அது.