பித்தளை வளையத்தில் எங்கே அரம் வைப்பது?

பாறைமேல் நத்தை வேகத்தில் ஏறுவதற்கென்றே செய்யப்படும் ரிமோட் வண்டிகள் கிராலர்கள். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்சக்கரங்களுக்குச் சரிந்து, முன்சக்கரம் பிடிப்பை இழந்து, வண்டி மல்லாந்துவிடும். இதற்கு நல்ல மருந்து முன்சக்கரங்களுக்குள் பித்தளை வளையம். ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை சுமார் 8.5 கிராம், அலுமினியமோ 2.7தான். சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் அந்த எடையை ஸ்பிரிங் சுமக்க வேண்டாம். வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழும்.

ஆனால் இடம் வேண்டுமே! டிராக்ஸாஸ் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4 போன்ற வண்டிகளில், அச்சைத் தரையிலிருந்து உயர்த்த அதன் இரு முனைகளிலும் சிறு கியர் பெட்டிகள் உண்டு. அவை சக்கரக் குழிவுக்குள் நீண்டிருப்பதால் தடித்த வளையம் உரசும்.

எங்கே உரசுகிறது? வளையத்தின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசி, மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கழற்றினால் மை போன இடம் மஞ்சளாகப் பளிச்சிடும். ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பியும் சுற்ற வேண்டும். கியர் பெட்டி சக்கரத்தோடு சேர்ந்தே திரும்பும். ஸ்டியரிங் தண்டின் கோணம் மட்டும் மாறும், அதன் முனை வளையத்தைத் தொடலாம்.

பெட்டி நிற்க, வளையம் சுழல்வதால் ஓரிடத்தை மட்டும் அராவிப் பயனில்லை. சுற்று முழுவதும் எடுக்க வேண்டும். இங்கேதான் அவசரம் கூடாது. வெளிவிட்டம் 40, உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள வளையத்தின் முகத்தை 1 மில்லிமீட்டர் இழைத்தால் 8 கிராம் போய்விடும். உள்விளிம்பை மட்டும் 2 மில்லிமீட்டருக்குச் சாய்வாகச் சீவினால் போவது ஒரு கிராம் சொச்சம். உரசல் உள்விளிம்பில்தான் என்றால் சீவுவதே சரி. காசு கொடுத்து வாங்கிய எடையைப் பொடியாக்குவானேன்?

லேத் பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை. வீட்டிலென்றால் வைஸில் மரத்துண்டு வைத்துப் பிடித்து, புது அரத்தால் அராவலாம்; இரும்பில் தேய்ந்த அரம் பித்தளையில் வழுக்கும். கடைசலுக்கான பித்தளையில் 3 சதவீதம் வரை ஈயம் கலந்திருக்கும். முகக்கவசம் கட்டாயம், பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் சாப்பிடும் மேசையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் பிசிறு நீக்கி, இடது வலது வளையங்களை நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிராலரின் வேகத்துக்கு அரை கிராம் வித்தியாசம் பொருட்டல்ல. பின்சக்கரங்களுக்கும் இதே எடையைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை: ஏற்றத்தில் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி குறைந்துபோகும், கியர்களுக்கும் வீண் சுமை.