புல்லுக்கும் பட்டம் உண்டு!

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கத்தரிக்கு ஒரு மாசம், அவரைக்கு ஒரு மாசம், உளுந்துக்கு ஒரு மாசம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். ஆனால் வாசலில் பத்தடி இடத்தில் புல் போடும்போது மட்டும் "இது எந்த மாசத்தில் போடுகிறது?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. புல்தானே, எப்போது வைத்தாலும் முளைக்கும் என்கிற நினைப்பு. முளைக்கும்தான். ஆனால் சித்திரை வெயிலில் அதைக் காப்பாற்றப் போகிறவள் யார்? குடம் தூக்குகிற நாம்தானே!

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது எங்கள் எலவனாசூர்கோட்டை. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியுமாக விவசாய பூமிதான். இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்கள் முன்வாசலில் கொஞ்சம் புல்தரை வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். தப்பில்லை. சிமெண்ட் தரை மாதிரி சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வீசாது. புழுதி அடங்கும். தவழ்கிற குழந்தை விழுந்தாலும் முட்டி பெயராது. ஆனால் காலம் பார்த்துச் செய்தால்தான் இந்த சுகமெல்லாம். காலம் தப்பினால் அந்தப் பத்தடிப் புல் வீட்டுத் தண்ணீரையே குடித்துவிடும்.

அங்கே வசந்தம், இங்கே வெயில்

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் போன் பண்ணி, "அம்மா, வசந்தம் வந்தாச்சு, புல் வெட்டுறோம், உரம் போடுறோம்" என்பார்கள். அதைக் கேட்டு நாமும் இங்கே ஆரம்பித்துவிடக் கூடாது. அங்கே மாதக்கணக்கில் பனியில் உறங்கிய புல், மண் சூடேறியதும் கண் விழிக்கிறது. அதனால் வசந்தம் அங்கே புல்லுக்கு விடியற்காலை. நமக்கோ அதே மாதங்கள் மாசிக் கடைசியும் பங்குனியும் சித்திரையும். மழை நின்று, கிணறு இறங்கிக்கொண்டே போகிற காலம்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் தென்பகுதியில் 'பெர்முடா புல்' என்று வீட்டு முன்னால் வளர்க்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அருகம்புல்தான்! அதே புல்லுக்கு அங்கே உறக்கம் குளிரினால் வருகிறது. நம் ஊரில் அதை உறங்க வைக்கிற அளவுக்குக் குளிர் கிடையாது. இங்கே வறட்சிதான் அதை உறங்க வைக்கும். ஆகவே நம் புல்லுக்கு உண்மையான வசந்தம் பங்குனியில் இல்லை. கோடை மழை ரெண்டு மூன்று பெய்து மண் உள்ளே வரை நனைகிற வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும்தான் அது பிறக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

காய்ந்ததெல்லாம் செத்ததல்ல

எங்கள் தெருவில் ஓர் அக்கா தையில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு வாசல் பச்சையாக இருக்கணும் என்று மார்கழியிலேயே புல் போட்டார்கள். கிரகப்பிரவேசத்தன்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பங்குனி பிறந்ததும் போர் தண்ணீர் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. சித்திரையில் குடிக்கவும் சமைக்கவும் இருந்தால் போதும் என்ற நிலை. புல் வைக்கோல் நிறமாகிவிட்டது.

"வேண்டாம்மா இந்தத் தொல்லை, ஆள் விட்டுக் கொத்திப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் அக்கா.

"அவசரப்படாதீங்க அக்கா" என்று சொல்லி, ஒரு கொடியை அடியோடு கிள்ளி எடுத்துக் காட்டினேன். மேலே சருகு. மண்ணுக்குள் ஓடின தண்டை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

"இது உசிரோட இருக்கு அக்கா. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை மண் நனையறாப்பல ஊத்துங்க, போதும்."

பக்கத்தில் முறம் வைத்துக்கொண்டிருந்த அவர் மாமியார், "கல்யாணத்துல அருகு மாதிரி வேரோடி வாழணும்னு சும்மாவா வாழ்த்தறாங்க?" என்றார். அதுதான் விஷயம். வைகாசிக் கடைசியில் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கருத்து, ரெண்டு நல்ல மழை இறங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் வைக்கோல் நடுவே பச்சை எட்டிப் பார்த்தது.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நாலு இடத்தில் கிள்ளிப் பாருங்கள். தண்டு வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, ஒடித்தால் பொடியாக உதிர்ந்தால் அந்த இடம் போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் ஆடியில் மறுபடி நட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். கடும் வெயிலில் பச்சையாக இருக்கிற புல்லுக்கு ஒரு நாளைக்கு 4, 5 மில்லிமீட்டராவது வேண்டும். பத்தடிக்கு இருபதடி புல்தரை என்றால் ஏறக்குறைய 18 சதுர மீட்டர் சொச்சம். அப்படியானால் தினம் 75 முதல் 90 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் ஐந்தாறு குடம்! மாதத்துக்கு 2,200 லிட்டருக்குக் குறையாது. லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இது எவ்வளவு பணம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் புல் போடுமுன், சித்திரையில் என் வீட்டுக்கு எத்தனை குடம் மிஞ்சும் என்று முதலில் பாருங்கள். மிஞ்சுகிற குடத்துக்கு ஏற்ற அளவில் புல் போட்டால் போதும். எட்டடிக்கு எட்டடி இருந்தால் கூட ஒரு குழந்தை விளையாடத் தாராளம். மீதி இடத்தில் பசலையும் மணத்தக்காளியும் வைத்தால் குழம்புக்காவது ஆகும்.

மாசம் மாசமாக

*தை, மாசி:* மழை ஈரம் மண்ணில் மிச்சம் இருக்கிறபோதே களை எடுத்துவிடணும். கோரையை மேலாகப் பிடுங்கினால் பிரயோஜனம் இல்லை. கீழே கிழங்கு இருக்கும், பத்து நாளில் திரும்ப வரும். களைக்கொத்தால் ஆழக் கொத்திக் கிழங்கோடு எடுக்கணும். நெருஞ்சியைப் பூக்கிறபோதே எடுத்துவிடுங்கள். முள்ளாகிவிட்டால் குழந்தை காலில் ஏறும். பார்த்தீனியச் செடியை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு எல்லாம் கொண்டுவரும். கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு, பூ வருவதற்கு முன்பே வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போட்டுவிடும். மாசிக்குப் பிறகு உரம் கிடையாது.

*பங்குனி, சித்திரை, வைகாசி முன்பாதி:* இது உபவாச காலம். உரம் போட்டால் புல் துளிர் விடும், துளிருக்குத் தண்ணீர் கேட்கும். ஒட்ட வெட்டவும் கூடாது. இரண்டு அங்குல உயரம் இருந்தால் அதன் நிழலே மண்ணைக் காக்கும். தினம் மேலாகத் தெளிக்கிறதை விட, மூன்று நாளைக்கு ஒரு தடவை விடியற்காலையில் நன்றாக ஊற்றுவது மேல். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், வெயிலில் வாடும். ஆழமாக நனைந்தால் வேரும் ஆழமாக இறங்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவின தண்ணீர் தாராளமாக விடலாம். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரைத் தினமும் விட வேண்டாம். மண் கெட்டுப்போகும். தண்ணீரே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், உறங்கட்டும். அக்கினி நட்சத்திரத்தில் வாசல் பழுப்பாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

*வைகாசிக் கடைசி, ஆனி:* இதுதான் நம் வசந்தம்! ஒரு மழையை நம்பி இறங்க வேண்டாம். நாலு அங்குலம் தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகப் பிடித்தால் சரி, உதிர்ந்தால் இன்னொரு மழைக்குக் காத்திருங்கள். பிறகு செத்த சருகை வாரி எடுத்து, இறுகின இடங்களில் கடப்பாரை முனையால் குத்தித் துளை போட்டு, சலித்த மக்கின எருவை மெல்லிசாகத் தூவுங்கள். யூரியா போடுகிறவர்கள் சதுர மீட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போகாதீர்கள். பத்துக்கு இருபதடி இடத்துக்கு 180 கிராம் போதும். போட்ட உடனே தண்ணீர் விட்டு இலையிலிருந்து கழுவிவிடணும், இல்லாவிட்டால் கருகும். வெட்டும்போது இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது.

*ஆடி, ஆவணி:* புதிதாகப் போடுகிறவர்களுக்கு இதுதான் பட்டம். ஆனியிலேயே முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, கல் பொறுக்கி, எரு கலந்து, நனைத்துப் போட்டுவிடுங்கள். மூன்று வாரத்தில் உள்ளே இருக்கிற களை விதையெல்லாம் முளைத்து வரும். அதைப் பிடுங்கியபின் ஆடி பதினெட்டு வாக்கில் நடலாம். வரப்பிலிருந்து எடுத்து வந்த அருகங்கொடியே போதும், காசு இல்லை. ரெண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, மூன்று, நாலு அங்குல இடைவெளியில் நட்டு, நுனி மண்ணுக்கு வெளியே இருக்கும்படி அழுத்துங்கள். ரெண்டு மூன்று மாதத்தில் இடம் மூடிவிடும். நர்சரியில் விற்கிற கொரியன் புல் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் விலையும் அதிகம், பரவுவதும் நிதானம். மர நிழல் இருக்கிற இடத்தில் அருகு சரியாக வராது. அங்கே பஃபலோ கிராஸ் என்கிற அகல இலைப் புல் ஏற்றது. ஆவணியில் விநாயகர் சதுர்த்தி வரும்போது வேலி ஓரம் கிள்ளினாலே மாலைக்கு அருகு கிடைக்கும்.

*ஐப்பசி, கார்த்திகை:* அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாக இருக்கணும். சொதசொதவென்று இருக்கிற நாளில் மேலே நடமாட வேண்டாம். புல்லுக்குள் கிடக்கிற கொட்டாங்கச்சி, பிளாஸ்டிக் கப் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டை வைக்கும்.

*மார்கழி:* பனி காய்ந்த பிறகே வெட்டுங்கள். சாயங்காலம் தண்ணீர் விடாதீர்கள். ராத்திரி முழுக்க ஈரம் நின்றால் வட்ட வட்டமாகப் பழுப்பு விழும்.

தாய்மார்களுக்கு ரெண்டு எச்சரிக்கை

ஒன்று, பாம்பு. கணுக்காலுக்கு மேல் புல் வளர்ந்து, பக்கத்தில் விறகுக் குவியலும் எலி வளையும் இருந்தால் பாம்புக்கு அது விருந்து மண்டபம். மழைக்காலத்தில் முக்கியமாகப் புல்லை உயர விடாதீர்கள். இருட்டினபின் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலி கூடத் தெரியாது. அப்படி ஏதாவது நேர்ந்தால் கயிறு போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை, காலை அசைக்காமல் வைத்து, 108-க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விடணும். எங்கள் மாவட்டத்தில் 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்திருக்கிறது. மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று, களைக்கொல்லி. பத்தடி இடத்துக்குக் களை மருந்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, களைக்கொத்து போதும். வயலுக்கு வாங்கினது மிச்சம் இருக்கிறதே என்று கலர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பாராகுவாட் என்கிற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. சர்பத் என்று நினைத்துக் குழந்தை எடுத்துவிட்டால் எந்தப் பச்சைப் புல்லும் அதற்கு ஈடாகாது. வந்த டப்பாவிலேயே, பூட்டி, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

இந்த வருஷம் புல் போடணும் என்று ஆசை இருக்கிறவர்கள் கிரகப்பிரவேசத் தேதியைப் பார்க்காமல் மண்ணையும் மேகத்தையும் பாருங்கள். தையில் வாசல் வெறுமையாக இருந்தால் பெரிதாக ஒரு கோலம் போட்டுவிடலாம், அதை விட அழகு என்ன இருக்கிறது? ஆனியில் கொத்தி, ஆடியில் நட்டால், கார்த்திகை தீபத்துக்குள் விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் பச்சைப் பாய் விரித்திருக்கும். வேருக்குப் பலம் ஏறியிருக்கும். அடுத்த சித்திரையை அது தாங்கிக்கொள்ளும். உங்கள் இடுப்பும் தப்பிக்கும்!