அம்மை வார்த்தால் முதல் நாளே ஆஸ்பத்திரி

சம்பா அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில் தரங்கம்பாடி, பொறையார் பக்கத்துத் தெருக்களில் ஏதாவதொரு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். அந்த வீட்டில் அம்மை வார்த்திருக்கிறது என்று புரிந்துகொண்டு வெளியாட்கள் உள்ளே போகமாட்டார்கள். நோயாளியைத் தனியே வைத்துக் காக்கும் இந்த வழக்கம் நல்லது, தொடரட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்கே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத்தான் விட வேண்டும்.

கொத்துக் கொத்தாக உயிரை வாங்கிய பெரியம்மை இந்தியாவில் 1975-லேயே அடங்கிவிட்டது. இப்போது வருவது சின்னம்மை. இதன் வைரஸ் வேறு. இருமல், தும்மல் வழியாகவும் முத்தில் உள்ள நீர் பட்டும் தொற்றும். தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள் காய்ச்சலும் முத்தும் தெரியும். முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லா முத்தும் பொருக்குத் தட்டும்வரை பரவும். அதனால் வேப்பிலை கட்டுவதற்குள் அண்ணனிடமிருந்து தங்கைக்குப் போயிருக்கும்.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். பெரியவர்களுக்கு அப்படியல்ல. குளிர்நாடுகளில் சிறுவயதிலேயே வந்துபோகும் இந்த நோய், நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் பலருக்கு வளர்ந்த பிறகுதான் வருகிறது. கடலுக்குப் போகும் இளைஞர், நடவுக்குப் போகும் பெண், கர்ப்பிணி ஆகியோருக்கு வந்தால் நுரையீரலையும் தாக்கலாம். அசைக்ளோவிர் மாத்திரை நோயின் கடுமையைக் குறைக்கும்; ஆனால் முத்து தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதில்லை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து உண்டு. தினமும் குளிக்கலாம். சொறியாமலிருக்க நகத்தை வெட்டிவிடுங்கள். இளநீர், மோர், கஞ்சியோடு வழக்கமான சோறும் கொடுக்கலாம், பத்தியம் தேவையில்லை. மூச்சுத்திணறல், விடாத வாந்தி, அரைமயக்கம், முத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கம் இவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இறங்கிய பிறகும் வைரஸ் நரம்பில் தங்கிவிடும். முதுமையிலோ, உடல் தளர்ந்த நேரத்திலோ அக்கியாகக் கிளம்பும். குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது டெல்டாவில் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளட்டும், ஆனால் 72 மணி நேரத்துக்குள் மருந்தும் வேண்டும். தாத்தாவின் அக்கிக் கொப்புளத்தைத் தொட்ட பேரனுக்குச் சின்னம்மை வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி 1974-ல் உருவாக்கிய தடுப்பூசி இருக்கிறது. இரண்டு தவணை போட வேண்டும். நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட முடிகிறது. கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. அரசு இதை அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால், இதுவரை வராதவர்கள் மூன்று நாளுக்குள் ஊசி போட்டாலும் பலன் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி ஆகாது. அவர்கள் முத்து வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.