வீட்டில் இசையைப் பதிவுசெய்தல்

மட்டக்களப்பு வாவியிலே, கல்லடிப் பாலத்தருகே, நிலாக்கால இரவில் தோணியிலிருந்து துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுமுனையிற் காதை வைத்தால் நீரடியில் எழும் இன்னொலி கேட்கும் என்பர். அங்கே கருவி துடுப்பு ஒன்றே. ஒலி பிறக்குமிடத்தைக் காது அணுகுவதே நுட்பம். வீட்டில் இசையைப் பதிவுசெய்வோர்க்கும் முதற்பாடம் இதுவே.

இப்பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களும், வசந்தன் பாடல்களும், தாலாட்டுகளும் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன. அண்ணாவியார் ஒருவர் மறைந்தால் ஏட்டில் எழுத்து எஞ்சும். அவர் பாடிய மெட்டு எஞ்சாது. ஆதலின் சிறந்த கருவி வாங்கும் நாளை எதிர்நோக்கிக் காலந்தாழ்த்தல் தகாது. கைத்தொலைபேசியைக் கொண்டே தொடங்கலாம்.

பொருள் செலவிட இயலுமாயின், முதலில் ஒலிவாங்கியைக் கருதுக. டைனமிக் ஒலிவாங்கியில் சிறு கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்னை எழுப்புகிறது. அது உறுதியானது, அருகிலுள்ள குரலையே சிறப்பாகப் பற்றும். கண்டென்சர் வகை நுண்ணொலியையும் பற்றும்; ஆயின் பொதுவாக 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும், ஈரக்காற்றுக்கும் அஞ்சும். மின்விசிறியும் வீதியிரைச்சலும் அதில் எளிதிற் புகும். எனவே வாவிக்கரையிலுள்ள சாதாரண வீட்டுக்கு முன்னதே ஏற்றது. அதனைக் கணினியோடு இணைக்க, ஒலியை எண்களாக மாற்றும் சிறு இடைமுகப் பெட்டி ஒன்று போதும். மத்தளமும் பிற்பாட்டும் சேர்ந்த குழுவாயின், இரு ஒலிவாங்கிகள் பொருந்திய கைப்பதிவுக் கருவி நன்று.

திறந்த வெளியிலே தொலைவு இருமடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகும். ஆகவே குரலுக்கு ஒரு சாண் தூரமே அமையும். வெறுஞ்சுவர்கள் எதிரொலிக்கும் அறையிலே பாயும் தடித்த துணிகளும் தொங்கவிடுதல் பெரும்பயன் தரும், இதற்குச் செலவில்லை. காற்று வீசும் முற்றத்தில் ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை அணிவிக்க வேண்டும்.

வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்னும் அளவு குறுந்தட்டின் தரமாகும். சுருக்காத இரட்டைத்தடப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடங்கொள்ளும். மூலத்தைச் சுருக்காமலே வைத்து, வெவ்வேறிடத்தில் இரு படிகள் பேணுதல் நலம்.

இறுதியாக, பாடுவோர் இசைந்தால், பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயரும் ஊரும் நாளும் சொல்லப்பட வேண்டும். இவையில்லாத பாட்டு, வருங்காலப் பேரப்பிள்ளைகளுக்கு யாரோ ஒருவரின் குரலாகவே கேட்கும்.