கட்டியங்காரன் கதாநாயகன் ஆன கதை: ஒரு குச்சி மனித வெப்காமிக்

இன்டர்நெட்டில் காசு கொடுக்காமல் படிக்கக் கிடைக்கும் காமிக்ஸ் கதைகள் ஏராளம். இவற்றை வெப்காமிக் என்கிறார்கள். ஆர்வத்தோடு தொடங்கி முப்பதாவது பக்கத்தில் நின்றுபோனவைதான் இவற்றில் அதிகம். 2003 செப்டம்பரில் தொடங்கி 1200 பக்கங்களைத் தாண்டிய ஒன்றைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். பெயர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. வரைந்து எழுதுபவர் அமெரிக்கரான ரிச் பர்லூ. 'ஜயன்ட் இன் தி பிளேகிரவுண்ட்' என்ற அவருடைய தளத்தில் முதல் பக்கத்திலிருந்து எல்லாமே இலவசம்.

பெயரைப் போலவே படமும். வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால். நம் வீட்டுப் பிள்ளைகள் சுவரில் கிறுக்குவது போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு 1974-ல் வெளிவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வாயாலேயே கதை நடத்த வேண்டும். 2003-ல் இதன் விதிகளைத் திருத்தி 3.5 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். அந்த மாற்றத்தைக் கிண்டல் செய்துதான் இந்தக் காமிக்ஸின் முதல் பக்கமே வந்தது. வெர்ஷன் மாறியதும் என்னென்ன குழப்பம் வரும் என்று எங்களைப் போன்ற சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

கதையில் ஆறு பேர் கொண்ட ஒரு குழு. ராய் என்ற வாள் வீரன் தலைவன். அந்தக் குழுவின் கோமாளி ஈலன். கையில் ஒரு நரம்பு வாத்தியம் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சண்டை போடும்போது பக்கத்தில் நின்று பாட்டுப் பாடுவான். கையில் மாட்டும் ஒரு பொம்மையைக் கடவுள் என்று அறிவிப்பான். ராய் போடும் திட்டம் எதுவும் அவன் மண்டையில் ஏறாது. ஆனால் ஒரே ஒரு விஷயம் அவனுக்கு நன்றாகத் தெரியும். கதை என்றால் எப்படிப் போகும், வில்லன் எப்போது வருவான், எந்த வசனத்துக்குப் பிறகு ஆபத்து வரும் என்பதெல்லாம் அத்துப்படி.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு ஈலனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவன் கட்டியங்காரன்தான். வேஷம் கட்டி வரும் ராஜாவை 'நீ யார்' என்று கேட்டு வம்பிழுப்பவன். கதையிலிருந்து வெளியே வந்து கூட்டத்திடம் பேசுபவன். நடப்பது கூத்து என்பது அவனுக்குத் தெரியும், துரியோதனனுக்குத் தெரியாது. ஆனால் விடிய விடியப் பார்த்தாலும் கட்டியங்காரனுக்கு ஊர் எது, அப்பன் யார் என்று யாரும் கேட்பதில்லை. பர்லூ அதைக் கேட்டார். இந்த வெப்காமிக் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்பது இங்கேதான்.

இனி வரும் பகுதியில் கதையின் திருப்பங்கள் சில வரும். தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் கடைசி இரண்டு பாராக்களுக்குத் தாவிவிடுங்கள்.

முதல் பாகம் சுமார் 120 பக்கம். அதன் முடிவில் ஈலன் தொடக்கூடாத மந்திர எழுத்து ஒன்றைத் தொட்டுவிட, கோட்டையே வெடித்துச் சிதறுகிறது. படிக்கும்போது அது வெறும் ஜோக். அடுத்த பாகத்தில்தான் விஷயம் தெரிகிறது. உலகையே அழிக்கக்கூடிய ஒன்றை அடைத்து வைத்திருந்த ஐந்து வாசல்களில் ஒன்று அந்தக் கோட்டைக்குள் இருந்திருக்கிறது. குழு மொத்தமும் கைதாகி விசாரணைக்குப் போகிறது. நாம் சிரித்த ஜோக்குக்கு பில் வருகிறது! 'தேவர் மகன்' (1992) படத்தில் வடிவேலு செய்த இசக்கியை நினைத்துப் பாருங்கள். சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன், எஜமான் சொன்னதற்காகப் பூட்டை உடைத்து, அதற்காகக் கையை இழக்கிறான். அதற்குப் பிறகு அவன் சிரிப்பை நம்மால் பழையபடி பார்க்க முடிவதில்லை.

மூன்றாம் பாகத்தில் நேல் என்ற இரட்டைச் சகோதரன் ஆள்மாறாட்டம் செய்து ஈலனைச் சிறையில் தள்ளிவிட்டு, அவன் இடத்தில் வந்து நிற்கிறான். ஈலன் தப்பி, ஜூலியோ என்ற ஆகாயக் கப்பல் தலைவனிடம் வாள் வித்தை பழகித் திரும்புகிறான். பழகிய வித்தை என்ன தெரியுமா? வாள் வீசும்போது சிலேடையாக ஒரு கடி ஜோக் சொன்னால் அடி பலமாக விழும்! பர்லூ அவனைத் திடீரென்று புத்திசாலி ஆக்கவில்லை. அழவைத்து அனுதாபமும் தேடவில்லை. அவனுடைய கோமாளித்தனத்தையே ஆயுதமாகக் கொடுத்தார்.

ஐந்தாம் பாகம்தான் உச்சம். பாலைவனக் காட்சிகள் கொஞ்சம் நீளம், பேச்சும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஈலனின் அப்பா டார்க்வின் அங்கே ஒரு சர்வாதிகாரி. மகன் மேல் கொள்ளைப் பிரியம். மகனை வரவேற்க அடிமைகளைத் தீயிட்டுக் கொளுத்தி, இரவில் மகன் பெயரை எரியும் எழுத்தாகக் காட்டுகிறார். அதுவரை அப்பா கிடைத்த சந்தோஷத்தில் இருந்த ஈலனின் முகத்தை அந்தப் பக்கத்தில் பாருங்கள். இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான்.

டார்க்வினுக்கும் கதை இலக்கணம் அத்துப்படி. ஈலன்தான் நாயகன், ராய் வெறும் துணை, அப்பனும் மகனும் மோதுவதுதான் சரியான கிளைமாக்ஸ் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். மோதல் சூடு பிடிக்க ராயைக் கொல்லவும் தயார். நேலைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறார். நல்ல முடிவு என்றால் உயிரைக் கொடுப்பவன் ஈலன். அவனோ இங்கே அப்பாவுக்கு எந்த முடிவையும் தராமல், அவரை விட்டுவிட்டுக் கப்பலில் பறந்து போய்விடுகிறான். கதை தெரிந்த கோமாளி, கதைக்குள் வர மறுக்கிறான். வாளால் கிடைத்திருக்கும் வெற்றியைவிட இது அப்பாவை அதிகம் வாட்டுகிறது.

படங்களை வரைய பர்லூ பயன்படுத்துவது அடோபி இல்லஸ்ட்ரேட்டர். கோடுகளைக் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் முறை என்பதால், ஒருமுறை வரைந்த உருவத்தின் கண் கோட்டை மட்டும் சாய்த்து வேறொரு பாவம் கொண்டுவரலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் முயன்று பார்க்க இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் போதும். 2012-ல் தீர்ந்துபோன புத்தகத்தை மறுபடி அச்சடிக்க 57,750 டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அறிவிப்பு வைத்தார். 14,952 பேர் சேர்ந்து 12,54,120 டாலர் கொடுத்தார்கள். பல வருடங்கள் இலவசமாகப் படித்தவர்கள்தான் இவர்களில் பலர்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். தொடக்கத்தில் விளையாட்டு விதிகளைப் பற்றிய ஜோக்குகள் பல புரியாது, தாண்டிப் போங்கள். எழுத்து பொடி என்பதால் செல்போனைவிட மானிட்டர் நல்லது. விட்ட பக்க எண்ணை பிரவுசரில் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். குச்சி மனிதர்கள்தானே என்று சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். வெட்டும் குத்தும் உண்டு, பெரியவர்கள் பேச்சும் உண்டு. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் என்றால் ஆங்கிலமும் கொஞ்சம் தேறும்.